விறகடுப்பை இடிச்சதுக்கு என்னைத் திட்டுறவங்களுக்கு

போன தை மாதம், பொங்கல் முடிந்த கையோடு எங்கள் வீட்டு அடுப்படியில் இருந்த மண் அடுப்பை இடித்தோம். கடப்பாரை எல்லாம் தேவைப்படவில்லை. மண்வெட்டியால் நாலு போடு போட்டதும் சரிந்துவிட்டது. மண்ணைக் கூடையில் அள்ளி தென்னைமரத்துப் பாத்தியில் கொட்டியாச்சு. என் பையன் சும்மா இருக்காமல் அதைப் படம் பிடித்து, சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான். அங்கே பிடித்தது சனி.

முதல் போன் சென்னையில் இருக்கிற தங்கச்சி. "ஏண்ணா, உனக்கு எப்படிண்ணா மனசு வந்துச்சு? நாம சாப்பிட்டு வளர்ந்த அடுப்புண்ணா அது" என்று அழாத குறை. அடுத்தது பெங்களூரில் இருக்கிற பெரியப்பா பையன். பாரம்பரியம், மண்வாசனை, முன்னோர் அறிவு என்று அரை மணி நேரம் விடவில்லை. சிங்கப்பூரில் இருக்கிற அத்தை மகன் அழுகிற பொம்மை மட்டும் அனுப்பியிருந்தார். மொத்தம் பதினோரு பேர் துக்கம் விசாரித்தார்கள். எண்ணிப் பார்த்தேன். அம்மாவுக்கு மூச்சிரைப்பு இப்ப எப்படி இருக்குன்னு அந்தப் பதினோரு பேரில் ஒருத்தர்கூடக் கேட்கவில்லை.

அதனால்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் கோபமாத்தான் இருக்கும், பொறுத்துக்குங்க.

விறகடுப்பை நினைத்து ஏங்குகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். நீங்க அடுப்புக்கு எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தீங்க? தட்டத்துப் பக்கமா, ஊதாங்குழல் பக்கமா?

தட்டத்துப் பக்கம் உட்கார்ந்தவர்களுக்கு ஞாபகம் இருப்பது சுடுசோறு, தணலில் சுட்ட கருவாடு, மார்கழி விடியலில் அடுப்போரம் குளிர் காய்ந்தது. நானும் அந்தப் பக்கத்து ஆள்தான். நாற்பத்தெட்டு வயசாகிறது, ஐப்பசி மழையில் நனைந்த தென்னை மட்டையை வைத்துக்கொண்டு கண்ணில் தண்ணி வழிய ஒருநாள் ஊதியதில்லை. எங்க பக்கம் ஆம்பளைகளில் முக்காவாசிப் பேர் ஊதியதில்லை. தங்கச்சி ஊதியிருக்கிறாள், கல்யாணம் ஆகிப் போகிற வரைக்கும். அவளே இப்படிப் பேசுகிறாளே என்பதுதான் எனக்கு ஆச்சரியம். சென்னையில் அவள் வீட்டுக் கேஸ் அடுப்புக்கு மேலே இருபதாயிரம் ரூபாய்க்கு சிம்னி மாட்டியிருக்கிறாள். எதுக்கும்மான்னு கேட்டதுக்கு, தாளிக்கிற புகை ஒத்துக்கலைண்ணா என்றாள்.

பழைய அடுப்பே கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. அந்த அடுப்புக்கென்று ஒரு வீடு இருந்தது, அதைத்தான் எல்லாரும் மறந்துபோகிறோம். எங்கள் பாட்டி காலத்து அடுப்படி பெரிய வீட்டோடு ஒட்டாமல் பொடக்காளிப் பக்கம் தனியாக இருந்தது. நாட்டு ஓடு போட்ட கூரை. நடுவில் நல்ல உயரம். புகை மேலே ஏறி ஓட்டுக்கு ஓடு இருக்கிற சந்து வழியாகக் கசிந்து வெளியே போய்விடும். காலையில் தூரத்தில் இருந்து பார்த்தால் கூரையே மூச்சு விடுகிற மாதிரி இருக்கும். புகைக்கு வேலையும் இருந்தது. விட்டத்தில் விதைச் சோளக்கதிரும், பீர்க்கை முற்றலும், விதை போட்டு அடைத்த சுரைக்குடுக்கையும் தொங்கும். புகை பட்ட விதையில் வண்டு ஏறாது. மரச்சட்டத்தில் செல் அரிக்காது. அப்பவும் பாட்டி இருமிக்கொண்டுதான் இருந்தார், அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் அடுப்பும் கூரையும் ஒன்றுக்கொன்று தெரிந்து கட்டியது.

1999-ல் அப்பா அந்த ஓட்டைப் பிரித்துவிட்டு தார்சு போட்டார். காரணம் நியாயமானதுதான். வருஷா வருஷம் ஆடிக்காத்துக்கு ஓடு நழுவும், மழை ஒழுகும், ஓடு மாற்றுகிற ஆள் கிடைக்க மாட்டார். பத்தடி உயரத்தில் கான்கிரீட் மெத்தை, இரண்டுக்கு மூணு அளவில் ஒரே ஒரு ஜன்னல். அடுப்பு மட்டும் அதே இடத்தில், அதே மாதிரி. வாஸ்துப்படி அக்கினி மூலை என்று அதில் மட்டும் ரொம்பக் கவனமாக இருந்தார்கள்.

கொத்தனார் ஒரு சிமெண்ட் குழாயை மேலே ஏற்றி புகைபோக்கி என்றார். ஆறு மாசம் நன்றாக இழுத்தது. ஆடி வந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காத்து எங்கள் ஊருக்கு எப்படி அடிக்கும் என்று இந்தப் பக்கம் வந்தவர்களுக்குத் தெரியும். குழாய் வழியாக மேலே போகவேண்டிய புகையை அந்தக் காத்து அப்படியே திருப்பி அடுப்படிக்குள் தள்ளியது. அப்பா ஒரு நாள் பொறுத்தார், இரண்டு நாள் பொறுத்தார், மூணாம் நாள் சாக்குப்பையைச் சுருட்டி அந்த ஓட்டையை அடைத்தார். காத்து முடிந்ததும் எடுத்துவிடலாம் என்றுதான்.

யாரும் எடுக்கவில்லை. அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். போன தை மாதம் அடுப்பை இடித்தபோது நான்தான் ஏணி போட்டு ஏறி அதை இழுத்தேன். சாக்கு மாதிரியே இல்லை. தார் ஊற்றிக் காயவைத்த கட்டை மாதிரி கறுப்பாக, கனமாக வந்தது. இருபத்தைந்து வருஷத்துக்கு மேல். அந்தச் சாக்கு குடித்த புகையைப் பார்த்தேன், கீழே நின்றுகொண்டிருந்த அம்மாவைப் பார்த்தேன். ஒன்றும் பேசவில்லை.

கூரையை மாற்றினோம், அடுப்பை மாற்றவில்லை. என் புகாரே இதுதான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஐப்பசி மழையில் அம்மாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. வாசலில் இருந்து மாட்டுச்சாளைக்குப் போவதற்குள் இரண்டு இடத்தில் நின்றார்கள். ஈரோட்டுக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் ஒரு குழாயில் ஊதச் சொன்னார். ஊதி முடித்ததும் கேட்டார்: "பாட்டி, பீடி, சுருட்டு ஏதாவது பழக்கம் உண்டா?"

அம்மா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாங்க. எழுபத்திரண்டு வயசுப் பொம்பளை, வெற்றிலைகூடப் போட்டதில்லை. டாக்டர் சிரிக்கவில்லை. "அப்ப விறகடுப்பா? எத்தனை வருஷம்?"

"கண்ணாலம் ஆகி வந்ததுல இருந்துங்க சாமி."

பஸ்ஸில் திரும்பி வரும்போது கணக்குப் போட்டேன். பதினெட்டு வயசில் வந்தாங்க. ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் என்று குறைத்தே வைப்போம், ஐம்பது வருஷம் மட்டும் பிடிப்போம். எழுபத்து மூவாயிரம் மணி நேரம். அதில் பாதி, அந்தச் சாக்கு அடைத்த அறைக்குள். நோய்க்குப் பெயர் சிஓபிடி. நுரையீரலில் காத்துப் போகிற பாதை நாளாவட்டத்தில் சுருங்கி அடைத்துக்கொள்வது. போனது போனதுதான், திரும்ப வராது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றார் டாக்டர். காலையும் சாயங்காலமும் உறிஞ்சுகிற மருந்து.

வீட்டுக்கு வந்து கொஞ்சம் தேடிப் படித்தேன். கிர்க் ஸ்மித் என்று ஒரு அமெரிக்க விஞ்ஞானி. 1980களின் தொடக்கத்திலேயே குஜராத் கிராமங்களுக்கு வந்து, சமைக்கிற பெண்கள் எவ்வளவு புகையைச் சுவாசிக்கிறார்கள் என்று அளந்தவர். சமையலறையில் ஒரு மணி நேரம் விறகு எரிந்தால் அது நானூறு சிகரெட் புகைக்குச் சமம் என்று பின்னாளில் அவர் சொல்லி வந்தார். வீட்டுக்குள் எரிக்கிற அடுப்புப் புகையால் 2020-ல் மட்டும் உலகத்தில் சுமார் 32 லட்சம் பேர் இறந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. பீடிக் கட்டில் படம் போட்டுப் பயமுறுத்துகிறோம். அடுப்புக்குக் கோலம் போடுகிறோம்.

நியாயமாக எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். நம் விழுப்புரத்திலும் நாகப்பட்டினத்திலும், கூடவே வேறு மூன்று நாடுகளிலும், மொத்தம் சுமார் 3,200 கர்ப்பிணிகளை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்கு அடுப்பும் கேஸும் பதினெட்டு மாசம் இலவசம். அவர்கள் சுவாசித்த புகை நன்றாகவே குறைந்தது. ஆனால் பிறந்த குழந்தையின் எடை எதிர்பார்த்த மாதிரி கூடவில்லை என்று 2022-ல் முடிவு வந்தது. பெங்களூர் அண்ணன் இதைத் தேடிப் பிடித்து அனுப்புவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். அது பதினெட்டு மாசம். எங்கம்மா ஐம்பது வருஷம்.

இன்னொரு விஷயம் சூடு. திறந்த மண் அடுப்பில் எரிகிற விறகின் சூட்டில் பத்தில் ஒரு பங்கு, மிஞ்சிப்போனால் ஒன்றரைப் பங்குதான் பானைக்குப் போகிறது. மீதி எல்லாம் சுவரைச் சுடுகிறது, அடுப்புக்கு முன்னால் நிற்கிறவளைச் சுடுகிறது. குளிர் நாட்டில் வீட்டுக்குள் கணப்பு வைக்கிறார்கள் என்றால் அர்த்தம் இருக்கிறது, அங்கே அந்த மீதிச் சூடுதான் தேவையே. ஈரோட்டில் சித்திரை மாசம் வெளியே நாற்பது டிகிரி தாண்டுகிறது. அந்த வெயிலில் தார்சு வீட்டுக்குள் தீ மூட்டி இரண்டு மணி நேரம் குனிந்து நிற்பதற்குப் பெயர் பாரம்பரியமா? வருஷத்தில் நாற்பது நாள் எங்களுக்குக் குளிர். அந்த நாற்பது நாளுக்காக முன்னூத்திச் சொச்சம் நாள் வேகவேண்டியதில்லை.

"ஆனா ருசிண்ணா..." என்றாள் தங்கச்சி.

ருசிக்கு வருவோம். மூடி போட்ட பானைக்குள் புகை போகாது. போனால் அதைப் புகைநாத்தம் என்று சொல்லிக் கொட்டிவிடுவோம். நீங்கள் விறகடுப்பு ருசி என்று சொல்வது பெரும்பாலும் மண்சட்டி ருசி, அம்மியில் அரைத்த மசால் ருசி, அவசரப்படாமல் தணலில் கிடந்து வெந்த ருசி. போன தீபாவளிக்கு அவள் வந்திருந்தபோது என் வீட்டுக்காரி நாட்டுக்கோழிக் குழம்பு வைத்தாள். மண்சட்டியில், கேஸில், சின்னத் தீயில் ஒன்றரை மணி நேரம். தங்கச்சி இரண்டாம் தடவை சோறு வாங்கிக்கொண்டு சொன்னாள், "என்ன இருந்தாலும் விறகடுப்புக் குழம்பு மாதிரி வராது அண்ணி." வீட்டுக்காரி என்னைப் பார்த்தாள். நான் இலையைப் பார்த்தேன். இத்தனை நாள் சொல்லவில்லை, இப்ப சொல்லிட்டேன். சண்டைக்கு வருவாள், வரட்டும்.

சுட்ட கத்தரிக்காய், தணலில் வாட்டின மக்காச்சோளம், பச்சைக் கடலையைச் செடியோடு சுடுவது, இதெல்லாம் கேஸில் வராது. ஒத்துக்கொள்கிறேன். அதையெல்லாம் காட்டில் வைத்துச் சுடலாம். அதுக்கு வீட்டுக்குள் அடுப்பு எதற்கு?

விறகு சும்மா கிடைக்குதே என்பார்கள். எங்கள் தோட்டத்தில் நூத்தி முப்பது தென்னை. மரத்துக்கு வருஷம் பன்னிரண்டு மட்டை விழும். ஆயிரத்து ஐந்நூறு மட்டையைப் பொறுக்கி, ஓலை கழித்து, வெட்டி, காயவைத்து, மழைக்கு முன்னால் அடுக்கிப் பாருங்கள். விறகுப் போரில் தேள் இருக்கும், கட்டுவிரியன்கூட ஒரு தடவை இருந்தது. சும்மா கிடைப்பது மட்டைதான், விறகு இல்லை. அதே மட்டையை மரத்தைச் சுற்றிப் பாத்தியில் பரப்பினால் ஈரம் நிற்கிறது. எங்கள் வீட்டில் அஞ்சு பேர், சிலிண்டர் முப்பத்தைந்து நாளைக்குக் குறையாமல் வருகிறது. நாளுக்கு இருபத்தைந்து ரூபாய் சுமார்.

அந்த இருபத்தைந்து ரூபாய் எல்லாருக்கும் இருக்கிறதா என்றால், இல்லை. எங்கள் தோட்டத்துக்குக் களை எடுக்க வருகிறவர்கள் வீட்டில் திட்டத்தில் கிடைத்த கேஸ் அடுப்பு துணி போட்டு மூடி மூலையில் இருக்கிறது. விருந்தாளி வந்தால் டீ வைக்க எடுப்பார்கள். 2023-ல் சிலிண்டர் ஆயிரத்து நூறைத் தாண்டியபோது அதுவும் நின்றது. அடுப்பை இடிங்கன்னு அவர்களிடம் சொல்ல எனக்கு வாய் இல்லை. அங்கே கோபப்பட வேண்டியது சிலிண்டர் விலை மேல். ஆனால் எங்கள் அடுப்புக்கு அழுத பதினோரு பேரில் கேஸ் வாங்க முடியாதவர் யாரும் இல்லையே.

எனக்குப் பதில் இல்லாத இடம் ஒன்று உண்டு. அது அம்மா.

அம்மா இடிக்க வேண்டாம் என்றுதான் சொன்னாங்க. வருஷா வருஷம் பொங்கலுக்கு முன்னால் புற்றுமண் கொண்டு வந்து, குழைத்து, அடுப்பின் குமிழைத் தானே பூசிச் சரிபண்ணுவாங்க. வெள்ளிக்கிழமை சாணி மெழுகிக் கோலம் போடாமல் பத்த வைத்ததில்லை. கல்யாணம் ஆகி ஆறு வருஷம் கழித்துத்தான் பாட்டி அந்த அடுப்பை அம்மா கையில் விட்டாராம். இந்த வீட்டில் அம்மாவுக்கு என்று கிடைத்த முதல் அதிகாரம் அது. "கேஸு உன் பொண்டாட்டியோடது கண்ணு. இது என்றது" என்றாங்க.

அப்புறமும் இடித்தேன். 1999-ல் தார்சு போட்டபோது அப்பா அம்மாவைக் கேட்கவில்லை. இப்போது நான் கேட்டேன், கேட்டுவிட்டு அவங்க சொன்னதற்கு மாறாகச் செய்தேன். எது மோசம் என்று தெரியவில்லை. உறிஞ்சுகிற மருந்தை வைத்துக்கொண்டே ஊதாங்குழலையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்ததைப் பார்த்துக்கொண்டு என்னால் இருக்க முடியவில்லை. மறுபடியும் அதே நிலைமை என்றாலும் இடிப்பேன்தான். நாலு நாள் அம்மா என்னோடு பேசவில்லை.

பொடக்காளியில் ஒரு தண்ணி அடுப்பு மட்டும் வைத்திருக்கிறோம். நாலு கம்பத்தில் தகரம், சுவர் கிடையாது. காத்து வருகிற திசைக்கு முதுகு காட்டி, குனியாமல் நிற்கிற மாதிரி இடுப்பு உயரத்தில் கட்டினேன். குளிக்கத் தண்ணி காய வைக்க மட்டும். காய்ந்த மட்டை மட்டும். பத்த வைப்பது நான். டாக்டரைக் கேட்டால் அதுவும் வேண்டாம் என்பார், தெரியும்.

முதல் நாலு நாளும் எனக்குப் பத்தவில்லை. கண்ணெல்லாம் சிவந்து, தொண்டை கரகரத்து, பால் கறக்கப் போனால் மாடே முகத்தைத் திருப்பிக்கொண்டது. நாலாம் நாள் காலையில் பின்னால் இருந்து குரல் வந்தது. "மட்டையை அப்படி அடைச்சு வெச்சா காத்து எந்த வழியா போகும்?" அம்மா என்னோடு பேசிய முதல் வார்த்தை.

பத்து நிமிஷம் ஊதியதற்கு எனக்கு அன்றைக்கு மத்தியானம் வரைக்கும் நெஞ்சு எரிந்தது.

இன்னும் ஒரு கூட்டம் பாக்கி இருக்கிறது. எங்கள் பக்கம் இப்போது வாய்க்கால் ஓரமாக நிலம் வாங்கிப் பண்ணைவீடு கட்டுகிறார்கள். நல்லவர்கள்தான், என்னிடம் கன்று வாங்க வருவார்கள். அப்படி ஒரு வீட்டில் பளபளவென்று கிரானைட் போட்ட சமையலறை, அதற்குள்ளேயே ஒரு மூலையில் செம்மண் பூசிக் காவி அடித்த விறகடுப்பு. மேலே கான்கிரீட். ஓனர் அம்மா அதில் இரண்டு தடவை சமைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். அதற்கப்புறம் சனி ஞாயிறு விருந்தாளி வரும்போதெல்லாம் அந்த அடுப்பில் நிற்பது எங்கள் ஊரில் இருந்து வேலைக்குப் போகிற ஒரு பெண். அந்தப் பெண்ணுக்குத் தன் வீட்டில் ஒரு அடுப்பு, இங்கே ஒரு அடுப்பு. அடுப்பு கட்டணும்னு ஆசைப்பட்டால் வெளியே கட்டுங்க, நாலு பக்கமும் திறந்து விடுங்க, நீங்களே நின்னு ஊதுங்க. உங்க ஆசைக்கு இன்னொருத்தர் நுரையீரலை வாடகைக்கு எடுக்காதீங்க.

தங்கச்சி, வர்ற பொங்கலுக்கு ரெண்டு நாள் முன்னாடியே வா. வாசலில் மூணு கல் வைத்து, பச்சரிசி போட்டு, எல்லாம் பழைய மாதிரியே பண்ணுவோம். ஊதாங்குழலை நான் எறியவில்லை, அட்டாளியில் துணி சுத்திப் பத்திரமாக வைத்திருக்கிறேன். மாப்பிள்ளைகிட்ட இப்பவே சொல்லி வை. இந்தத் தடவை ஊதுறது அவரும் நானும்தான்.